துவாஸ், மூன்றாம் வாயில்

டெரியோவுக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை.
பவளமணி என்றால் பாவ்லா என்றான்.
பதினெட்டு மாதம் பாவ்லாவாகவே
பற்றவைப்பு அறிக்கைகளில் முத்திரை குத்தினேன்.

லூசியானா என்றதும் நான் நினைத்தது
கண்ணாடிக் கட்டடங்களை.
அவன் சொன்னது சேற்றில் கொக்குபோல
கால்மேல் நிற்கும் மரவீடுகளை,
வாசல்வரை வரும் படகுகளை,
வலையைக் காயப்போட்டுவிட்டு
மாதா கோயிலுக்குப் போகிற ஞாயிறுகளை.
இறால் ஓய்ந்தால் கரும்பு,
கரும்பு ஓய்ந்தால் எண்ணெய்.
அவன் அப்பா எண்ணெய்க்குப் போனார்.
இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் கட்டிலில்.
நாங்கள் இங்கே கட்டிக்கொண்டிருந்த மேடையும்
அந்தக் கடலுக்குத்தான். அதற்கும் மூன்று கால்.

ஒருநாள் உணவுக்கூடத்தில்
செல்லக்கண்ணுவின் தட்டை எட்டிப் பார்த்து
"கம்போ!" என்று கத்தினான்.
சாம்பார் என்றோம்.
வெண்டைக்காயைக் கரண்டியில் தூக்கி
இதுதான் என்றான், இதன் பெயர்தான் குழம்புக்கே.
பிறகு குரல் இறங்கியது.
சொல் எங்களுடையதில்லை,
கரும்புக்காட்டுக்கு விலைக்கு வாங்கிவந்தவர்களுடையது.
விதையும் அவர்களோடு வந்தது.
எங்கள் சட்டியில் இருக்கிறார்கள்,
ஒரு கல்லிலும் பெயரில்லை.
ரஃபீக் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான்.
எங்களில் யாருக்கும்
என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவனுடைய ஆட்களை
வடக்கே ஒரு குளிர்நாட்டிலிருந்து
வெள்ளைக்காரன் கப்பலேற்றி விரட்டினானாம்.
நம் ஆட்களையும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
இல்லை, நாங்கள் கங்காணியிடம்
கைநாட்டு வைத்து ஏறியவர்கள்.
அதுவும் ஏற்றியதுதானா என்று
இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

அவன் அம்மா பள்ளிக்கூடத்தில்
"இங்கே பிரெஞ்சு பேசமாட்டேன்" என்று
இருநூறு முறை எழுதினாளாம், ஆங்கிலத்தில்.
ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது.
கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள்.
அன்றிரவு என் மகளிடம் சொன்னேன்.
"ஸோ சேட், மா" என்றாள்.
தமிழில் சொல் என்று கேட்டிருக்கலாம்.
சீருடை இஸ்திரி போடாமல் கிடந்தது.

மணல் பார்ஜுகள் வரிசை பிடித்து நின்ற ஒரு மதியம்
காலணியால் தரையைத் தட்டிக் கேட்டான்:
இந்த நிலத்துக்கு என்ன வயது?
என் மகளைவிடச் சின்னது என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
கைப்பேசியில் இரண்டு வரைபடம்.
ஒன்று அப்பா பிறந்தபோது. மற்றது போன வருடம்,
பச்சையெல்லாம் கரையான் தின்ற ஓலை.
நீலத்தில் விரல் வைத்து
அப்பாவின் கல்லறை இங்கே என்றான்.
கம்பெனி வெட்டிய வாய்க்கால் வழியே உப்பு வந்தது.
சம்பளமும் அதே வழியாகத்தான் வந்தது பாவ்லா,
யாரைத் திட்டுவது?

ஆகஸ்ட் கடைசியில் புயல்.
எங்களுக்குத் திங்கள் காலை பசியாறும் நேரம்,
அங்கே ஞாயிறு இரவு.
அம்மாவை முதல்நாளே
டெக்சஸுக்கு அழைத்துப் போய்விட்டாள் தங்கை.
மறுநாள் படம் வந்தது:
வீட்டின் கால்கள் பதினாறும் நிற்கின்றன,
மேலே வானம்.
கோப்பியை முடித்தான். குவளையைக் கழுவி வைத்தான்.
மேடைக்குப் போய்ப் பன்னிரண்டாம் இணைப்பைத் தடவிப் பார்த்து
செல்லக்கண்ணுவிடம் சொன்னான், மறுபடி போடு.
அத்தனை மெல்ல அவன் அதைச் சொன்னதில்லை.
செல்லக்கண்ணு சொல்கிறான்,
அந்த இணைப்பில் ஒரு குறையும் இல்லை,
ஆனாலும் போட்டேன் அக்கா.

இழுவைப் படகுகள் வந்து மேடையைக் கட்டிய அன்று
கடைசிப் படிவம்.
நிரந்தர முகவரிக் கட்டத்தில்
அந்த வீட்டின் எண்ணையே எழுதியிருந்தான்,
தெரு, அஞ்சல் குறியீடு, எதுவும் விடாமல்.
சரிபார்ப்பது என் வேலை.
சரி என்று குத்தினேன்.
சரிபார்த்தவர் பெயர் என்ற இடத்தில்
பழக்கத்தில் பாவ்லா என்று எழுதிவிட்டேன்.
அடித்து எழுத வேறு தாள் இல்லை.
கரையில் அதற்குள் தண்ணீர் விலகத் தொடங்கியிருந்தது.